பிரசாதம் என்று சொன்னேன்

ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் ஒரு சிட்டிகை எடுத்துப் பையில் போட்டு, மேலே சீட்டு ஒட்டத் தோன்றும். மலேசியாவில், காம்பார் ஊரின் ஒரு கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது அதுதான். மண், குளத்துத் தண்ணீர், இலை, எதுவானாலும் ஜிப் வைத்த சின்னப் பிளாஸ்டிக் பை. பையின் மேல் பெயர், இடம், தேதி. இந்தப் பழக்கத்தோடுதான் நான் கடவுளைத் தேடப் போனேன் என்று சொல்லிவிட்டால், நடந்ததில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள். ஊகிக்க முடியாத மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

தேடல் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்பாவின் சாவில் தொடங்கியது. அப்பா ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு நாங்கள் பக்கத்துத் தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்த வீட்டு முன்னறையில்தான் அவரைக் கிடத்தியிருந்தோம். பிள்ளைகள் வாய்க்கரிசி போடும் நேரம் வந்தபோது அக்கா நகரவில்லை. ஒரு கத்தோலிக்கரைக் கல்யாணம் செய்து, ஞானஸ்நானம் வாங்கி நாலு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. பெரியப்பா இரண்டு தரம் கூப்பிட்டார். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி தலையை ஆட்டினாள்.

"அப்பன் வாயில ஒரு பிடி அரிசி போட முடியாதவ, இனிமே என் வாசப்படிய மிதிக்க வேணாம்," என்றார் அம்மா.

அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அக்கா அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. கல்யாண வீடுகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பேசமாட்டார்கள். நடுவில் நான். வாரநாட்களில் ஈப்போவில் ஒரு வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஈப்போவில் அக்கா வீட்டுச் சாப்பாடு, மாலையில் ஆயர் தாவாரில் அம்மா வீட்டுத் தேநீர். இரண்டு பேரில் யார் செய்தது சரி என்று யாராவது கண்டுபிடித்துச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். அந்த யாராவது நான்தான் என்றும் நினைத்தேன். கல்யாணம் ஆகாதவனுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்?

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வாங்கிக் கட்டம் போட்டேன். படைத்தது யார், செத்த பிறகு என்ன, பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், அந்நியன் உள்ளே வந்தால் முதலில் என்ன சொல்கிறார்கள் என்று வரிசையாகத் தலைப்புகள். கடைசிக் கட்டத்துக்கு வைத்த தலைப்பைப் பற்றி எனக்குத் தனிக் கர்வம்: புனிதமானது மிஞ்சினால் என்ன செய்கிறார்கள்? வேதப் புத்தகங்களில் இல்லாத உண்மை அந்தக் கட்டத்தில் அகப்படும் என்று நம்பினேன். ஓரளவு அகப்படவும் செய்தது. சுண்ணாம்புக் குன்றின் குகைக்குள் இருக்கும் சீனர் கோயிலில், சாமிக்குப் படைத்த ஆரஞ்சை ஒரு கிழவர் என் கையில் திணித்து, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடு என்றார். குருத்துவாராவில் நெய் வழியும் கோதுமை அல்வாவை இரண்டு கையாலும் வாங்கச் சொன்னார்கள். பாதியைத் தின்று மீதியைத் தாளில் மடித்தேன், நோட்டில் இன்னும் அந்த எண்ணெய்க் கறை இருக்கிறது. கூட வேலை செய்த மலாய் நண்பர் நோன்பு மாதத்தில் பள்ளிவாசலுக்குக் கூட்டிப்போய்க் கஞ்சி வரிசையில் நிற்கவைத்தார். கஞ்சியைக் குடித்துவிட்டுப் பேரீச்சங்கொட்டையை வைத்துக்கொண்டேன். புத்த விகாரையில் பிக்குவிடம் செத்த பிறகு என்ன ஆகும் என்று கேட்டேன். மணி பதினொன்றரை ஆகிவிட்டது, முதலில் சாப்பிடு என்றார். அந்தப் பதிலை அப்போது நான் மட்டமாக மதிப்பிட்டேன்.

எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் எடுத்தேன். சீனர் கோயில் மஞ்சள் தாள், விகாரையில் கட்டிய சிவப்புக் கயிறு, கொட்டை, பழனியிலிருந்து ஒருவர் கொண்டுவந்த திருநீறு. ஒவ்வொன்றும் ஒரு பையில், பெயர், இடம், தேதியோடு. பைகளை சீனர்களின் மூன்கேக் பலகாரம் வந்த ஒரு பழைய டின்னில் அடுக்கி, அம்மா வீட்டு அலமாரியில் வைத்தேன். என் வாடகை அறையில் எறும்புத் தொல்லை.

அக்கா என்னைத் தமிழ்ப் பூசைக்குக் கூப்பிட்டபோது மகிழ்ச்சியாகப் போனேன். அவள் மகிழ்ச்சியின் காரணம் வேறு. என்னை ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று அவள் நினைத்தாள். முன்னாலிருந்து நாலாவது பெஞ்சில் எனக்கு இடம் பிடித்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துத் தருவாள். கிராமத்துக் கோவிலில் திருவிழா பார்க்க வந்த சின்னப் பிள்ளையை நடத்துவதுபோல் நடத்தினாள். எனக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு.

"நன்மை வாங்கப் போறப்ப நீயும் வரிசையில வா," என்றாள். "ஆனா கைய நீட்டாத. மாருல குறுக்க வச்சிக்க. நீ இன்னும் ஞானஸ்நானம் வாங்கல இல்ல, பாதர் ஆசீர்வாதம் மட்டும் குடுப்பாரு."

நன்மை என்பது அவர்கள் நற்கருணையைச் சொல்லும் வார்த்தை. வட்டமான, வெள்ளையான, எடையே இல்லாத அப்பம். வாங்கியவர் அங்கேயே, பாதர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாயில் போட்டுவிட வேண்டும். மிஞ்சியதைப் பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பேழையில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். என் கடைசிக் கட்டத்தில் இப்படி ஒரு பதில் அதுவரை வந்ததில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்டு போ என்றார்கள், இவர்கள் மட்டும் எடுத்துப் போகாதே என்றார்கள். அதனாலேயே எனக்கு அது வேண்டியிருந்தது. வேறு நல்ல காரணம் ஏதாவது இருந்ததா என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், இல்லை.

ஐந்து ஞாயிறு கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு போனேன். ஆறாவது ஞாயிறு அக்காவுக்கு என் முதுகு மட்டும் தெரியும்படி முன்னால் நடந்து, கையை நீட்டினேன். "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார் பாதர். "ஆமென்," என்றேன். எவ்வளவு சுத்தமாகச் சொன்னேன்! பக்கவாட்டில் நகர்ந்து, கையை வாய்வரை கொண்டுபோய், இறக்கி, சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த டிஷ்யூவுக்குள் விட்டேன். பெஞ்சுக்கு வந்து மற்றவர்களைப்போல முழங்காலில் நின்று, முகத்தைக் கையால் மூடிக்கொண்டேன். கைக்குள்ளே என் முகம் சிரித்துக்கொண்டிருந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால் ஈப்போ மழை. கார் நிறுத்திய இடத்துக்கு ஓடியதில் நனைந்துவிட்டேன். அக்கா வீட்டில் மச்சானின் பழைய டி-ஷர்ட் ஒன்றைக் கொடுத்து, "சட்டையக் கழட்டு, அயன் பண்ணித் தாரேன். ஈரத்தோட அவ்வளவு தூரம் கார் ஓட்டாத," என்றாள். கழற்றிக் கொடுத்துவிட்டு மச்சானோடு பந்து விளையாட்டு பார்க்க உட்கார்ந்துவிட்டேன். மறந்தே போனேன். அவ்வளவுதான் அந்தப் பொருளுக்கு என்னிடம் இருந்த மரியாதை.

அக்கா அயன் பண்ணுவதற்கு முன் பையைத் துழாவிப் பார்ப்பவள். டிஷ்யூவை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள்.

"தம்பி, இது என்னடா?"

பொய் சொல்ல யோசிக்கவே இல்லை. அது எனக்கு முன்னால் ஓடிப்போய் வாசலில் நின்றது.

"அம்மாவுக்குத்தான் அக்கா. இங்கேர்ந்து நேரா அங்கதானே போறேன். பிரசாதம் மாதிரி அம்மாவுக்குக் கொஞ்சம் கொண்டு போலாம்னு."

நம் ஆட்களில் யாரும் நம்பிவிடக்கூடிய பொய் அது. கோயிலுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருபவர் யார்? தினசரித் தாளைக் கிழித்துத் திருநீறு மடிப்போம், இலைத் துண்டில் பொங்கல் வாங்குவோம், வர முடியாமல் வீட்டில் படுத்திருப்பவருக்கு என்று ஒரு பங்கு தனியாக எடுப்போம். அக்காவும் தோட்டத்துக் கோயிலில் அப்படி வாங்கி வளர்ந்தவள்தான். அவளுக்குள் இன்னும் இருந்த அந்தப் பழைய பிள்ளையிடம் பொய் சொன்னேன். அந்தப் பிள்ளை நம்பிவிட்டது.

"இது பிரசாதம் இல்லடா," என்றாள். "இது அவரே."

சமையலறைத் தரையில் முழங்காலிட்டாள். ஓரம் மழையில் நைந்துபோயிருந்த அந்த அப்பத்தை அவளே வாயில் வாங்கிக்கொண்டாள். டிஷ்யூவை ஒரு வெள்ளைக் கோப்பைத் தண்ணீரில் அலசி, பின்பக்கம் போய், யார் காலிலும் மிதிபடாதபடி கறிவேப்பிலைச் செடியின் வேரில் ஊற்றினாள். அப்புறம் ஈரக் கையோடு வந்து என் தலையைத் தடவினாள்.

"அம்மாவ நெனச்சியே. எனக்கு இத்தன வருசமா தோணலையே லா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சாப்பிட உட்கார்ந்தேன். மீன் குழம்பு.

அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் பாதர் ஒரு கதை சொன்னார். பெயர் சொல்லவில்லை. நம்முடைய முறைமை தெரியாத ஒரு மகன், தனக்குக் கிடைத்த நற்கருணையைத் தான் உண்ணாமல், படுத்திருக்கும் தாய்க்காக எடுத்து வைத்தான். செய்தது தவறு, ஆனால் நம்மில் எத்தனை பேர் இங்கிருந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று கேட்டார். முன் பெஞ்சில் ஓர் அம்மாள் கண்ணைத் துடைத்தார். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவள் பாதரிடம் போய் எனக்காக மன்றாடியிருக்கிறாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்ததும், "இன்னிக்கு நானும் வாரேன்," என்றாள் அக்கா.

"எங்க?"

"அம்மாகிட்ட. நீயே அம்மாவுக்குனு எடுத்து வச்சப்ப, நான் இன்னும் இங்க உக்காந்துகிட்டு என்ன பண்றது?"

வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன முகம் இருந்தது? ஒன்றேகால் மணி நேரப் பயணம். செம்பனைக்குள் ரோடு நுழைந்ததும் கழுத்துச் சங்கிலியின் சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளினாள். தாமான் முனையில் கார் திரும்பியபோது மறுபடி வெளியே எடுத்து விட்டுக்கொண்டாள்.

அம்மா முன்னறையில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரையால் கால் மரத்து, சுவரைப் பிடித்துத்தான் நடப்பார். கண்ணும் மங்கல். ஆனால் வாசலில் நிற்பது யார் என்று தெரிய அவருக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி என்னிடம் சொன்னார்: "வந்தவள உக்காரச் சொல்லு."

அக்கா நாற்காலியில் உட்காரவில்லை, அம்மாவின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். அழுகைக்கு நடுவே, தான் இங்கே வர எது காரணம் என்று சொல்லத் தொடங்கினாள். "தம்பி உனக்குன்னு கோயில்ல பிரசாதம் எடுத்து வச்சாம்மா. தெரியாமத்தான் செஞ்சான். ஆனா உன்ன நெனச்சான்."

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இவனா? இவன் எந்தக் காலத்துல யாருக்குக் குடுத்தான்?" கோபமே இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னார். "போன வருசம் காய்ச்ச வந்தப்ப, அந்தப் பழனித் துன்னூறுல ஒரு துளி குடுடான்னேன். அது சாம்பிளும்மா, வேற வாங்கித் தாரேன்னான். மறுநாள் கெடாய்ல காசு குடுத்து ஒரு பாக்கெட் வாங்கியாந்து வச்சான். கோயிலு கோயிலா போயி சாமிய பொட்டலம் கட்டி தாப்பாவ் பண்ணி டின்னுல வச்சிருக்கான். அந்த அலமாரியில பாரு."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிக்கத்தான் முயன்றாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்து டின்னை எடுத்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தாள். கொட்டை, கயிறு, மஞ்சள் தாள். கடைசியில் ஒரு காலிப் பை. வேலையை முன்கூட்டியே ஒழுங்காகச் செய்து வைப்பவன் நான். ஆறாவது ஞாயிற்றுக்கு முந்தின வாரமே அந்தச் சீட்டை எழுதி ஒட்டிவிட்டேன், தேதிக்கு மட்டும் இடம் விட்டு. என் எழுத்து அழகாக இருக்கும். 'கத்தோலிக்கம். நற்கருணை. வாயில் போடாதது.'

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள் என்று அவள் உதடு அசைந்ததில் தெரிந்தது. தரை பிளக்காதா என்று இருந்தது எனக்கு.

"என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார் அம்மா.

அக்கா பையை மடித்து டின்னுக்குள் வைத்தாள். "ஒண்ணுமில்லம்மா. வெறும் பை."

எனக்குத் தெரிந்து அக்கா பொய் சொல்லிக் கேட்டது அந்த ஒரு தடவைதான். திட்டியிருந்தால், டின்னைத் தூக்கி என் முகத்தில் எறிந்திருந்தால், நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திருநீற்றுப் பையை எடுத்து, பல்லால் கிழித்து, அம்மாவின் உள்ளங்கையில் கொட்டினாள். அம்மா நெற்றியில் பூசிக்கொண்டு, மீதியை என்ன செய்வது என்று யோசித்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"நான் போனா வாய்க்கரிசி போடுவியாடி?"

"போடுறேம்மா. அப்ப புதுசு. பயந்துட்டேன். யாருகிட்டயும் கேக்கத் தெரியல."

"நீ போட்டுருவ," என்றார் அம்மா. "இவன்தான் போடுவானோ, எடுத்து வச்சிக்குவானோ தெரியல."

அதற்கு இருவரும் சிரித்தார்கள். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு என் அம்மாவும் அக்காவும் சேர்ந்து சிரித்தது என்னை வைத்துத்தான். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றதை அம்மா பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் மன்னிப்புக் கேட்டேன். "பாதர்கிட்ட நான் என்னடா சொல்லுவேன்?" என்று மட்டும் கேட்டாள். அடுத்த வாரம் நானே போய்ச் சொன்னேன். அவர் பூசைக்கு வருவதை நிறுத்த வேண்டாம் என்றார். நான் நிறுத்திவிட்டேன். அக்கா ஒவ்வொரு ஞாயிறும் ஆயர் தாவாருக்கு வரத் தொடங்கினாள். என்னிடம் எப்போதும்போல் பேசினாள், சாப்பாடு போட்டாள். ஒன்று மட்டும் மாறியிருந்தது. என் சட்டைப் பைக்குள் அவள் கை அதன்பின் போகவில்லை.

ஒன்பது மாதம் கழித்து அம்மா போனார்.

அதே முன்னறை. பெண்கள் வரிசையில் முதல் ஆளாக அக்கா வந்தாள். அரிசியை எடுத்துப் போட்டாள். மூன்று முறை, ஒரு மணிகூடச் சிந்தாமல். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். நான் கைநிறைய அள்ளினேன். ஒரு தடவை போட்டேன், இரண்டு தடவை போட்டேன். மூன்றாவது தடவை என் விரல்கள் கொஞ்சம் அரிசியைப் பிடித்து வைத்துக்கொண்டன. ஈரக் கையில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லிவிட ஆசைதான். இல்லை. எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கூட்டத்தில் யாரும் பார்க்காமல் வேட்டி மடிப்புக்குள் செருகினேன். ஏன் என்று கேட்டால், அம்மாவிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்ள எனக்கு வேறு எதுவும் இல்லை என்று அந்த நேரத்தில் தோன்றியது. அது உண்மையான காரணம்தானா என்று இப்போதும் உறுதியாகச் சொல்லமாட்டேன். என் காரணங்களை நானே நம்புவதில்லை.

தகனம் முடிந்து வந்து, பின்பக்கக் குழாயில் குளித்து வேறு வேட்டிக்கு மாறினேன். அக்கா துணிகளை ஊறவைக்க வாளியோடு நின்றாள். ஈர வேட்டியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"மடிய நீயே உதறிட்டுக் குடு தம்பி."

உதறினேன். அரிசி சிமெண்ட் தரையில் சிதறியது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். கோப்பைத் தண்ணீரில் போட்டுக் கொண்டுபோய், வேலியோரத்து முருங்கையின் அடியில் ஊற்றிவிட்டு வந்தாள்.

"இதுக்கும் சீட்டு எழுதி வச்சிட்டியா?"

"இல்லக்கா."

அது உண்மை. அக்கா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரி," என்று சொல்லிவிட்டு வேட்டியை வாங்கி வாளியில் போட்டாள். அவள் நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.